அத்தையின் லேப்டாப்பில் இடமில்லை

(சிங்கப்பூர், யீஷூனில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு. ஞாயிறு மதியம், பிரியாணி முடிந்த நேரம்.)

அத்தை: அருள், இந்த லேப்டாப்பைக் கொஞ்சம் பாரேன். எதைத் தொட்டாலும் இடமில்லை, இடமில்லை என்று ஒரே புலம்பல்.

அருள்: சி டிரைவ் சிவப்பாகிவிட்டதே! மொத்தம் 238 ஜிபி, மிச்சம் இரண்டுதான்.

அத்தை: கடையில் 256 என்று சொல்லித்தானே விற்றார்கள்? பதினெட்டு ஜிபியை அடித்துவிட்டார்களே!

அருள்: யாரும் அடிக்கவில்லை அத்தை. தயாரிப்பவர்கள் கேபி, எம்பி, ஜிபி என்று ஒவ்வொரு படிக்கும் 1,000 என்று எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1,024 என்று எண்ணுகிறது. டிரைவ் ஒன்றுதான், கணக்குத்தான் வேறு. சரி, இவ்வளவு எப்படி நிறைந்தது?

அத்தை: எனக்கென்ன தெரியும்? இடம் மிச்சமாகட்டும் என்று நேற்றுதான் தைப்பூச வீடியோவையெல்லாம் ஜிப் போட்டுச் சுருக்கினேன். பெருமாள் கோயிலில் காவடி கிளம்பியதிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் போய்ச் சேரும்வரை.

அருள்: வீடியோ 30 ஜிபி. ஜிப்... 29.8.

அத்தை: ராத்திரி முழுக்க ஓடியதே! அவ்வளவுதான் சுருங்கியதா?

அருள்: எம்பி4 வீடியோ, ஜேபெக் படம் எல்லாம் பதிவாகும்போதே சுருங்கிவிடும். பிழிந்த தேங்காய்ச் சக்கையை மறுபடி பிழிந்தால் பால் வருமா? அதோடு, ஜிப் என்பது நகல்தான். அசல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. வெறும் எழுத்து என்றால் நன்றாகச் சுருங்கும்.

அத்தை: அப்படியானால் உன் மாமாவின் கவிதைகளைச் சுருக்கேன்.

அருள்: அவை மொத்தமே ஒரு எம்பி வராது அத்தை.

அத்தை: கேட்கும்போது அப்படித் தெரியவில்லையே!

அருள்: அதிருக்கட்டும், ஐகான் மூலையில் எல்லாம் இரண்டு நீல அம்பு இருக்கிறதே?

அத்தை: நீயும் பார்த்துவிட்டாயா? யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று பயந்து திருநீறுகூடப் பூசினேன்.

அருள்: திரையிலா?

அத்தை: ஓரத்தில்தான்.

அருள்: டிரைவ் ப்ராபர்ட்டீஸில் 'இடத்தை மிச்சப்படுத்தச் சுருக்கு' என்று ஒரு கட்டம் இருக்கும். யாரோ டிக் போட்டிருக்கிறார்கள், அதற்கான அடையாளம்தான் அந்த அம்பு. சுருக்கி வைத்த கோப்பைத் திறக்கும்போதெல்லாம் கணினி அதை விரிக்க வேண்டும். வேகம் குறையலாம்.

அத்தை: யாரோ இல்லை, நான்தான். சும்மா கொடுக்கும்போது வேண்டாம் என்பானேன்?

அருள்: முதலில் இந்த ஜிப்பை எடுத்துவிடலாம். அசல் வீடியோ ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்... ஓடுகிறது. டிலீட்.

அத்தை: ஐயோ, 'நிரந்தரமாக அழிக்கவா' என்று கேட்கிறதே!

அருள்: ரீசைக்கிள் பின்னில் கொள்ளாத அளவு பெரியது, அதனால் கேட்கிறது. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பாருங்கள், கிட்டத்தட்ட முப்பது ஜிபி திரும்பி வந்துவிட்டது. அப்புறம் இந்த ரீசைக்கிள் பின்னில் 11 ஜிபி கிடக்கிறதே, ஏன்?

அத்தை: அதெல்லாம் நான் போன மாதமே அழித்தாயிற்று.

அருள்: அழிக்கவில்லை, இங்கே தள்ளி வைத்திருக்கிறீர்கள். காலி செய்யும்வரை இதுவும் அதே டிரைவில்தான் இடம் பிடிக்கும். காலி செய்யட்டுமா?

அத்தை: இரு இரு, ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். காலை வணக்கம் ரோஜாப்பூ... வேண்டாம். காலை வணக்கம் தாமரை... பாவம், சித்தி ஆசையாக அனுப்பியது.

அருள்: அத்தை!

அத்தை: சரி, காலி செய்.

அருள்: முடிந்தது. இந்த டெஸ்க்டாப்பில் 'முக்கியம் அழிக்காதே' என்று ஒரு வீடியோ. பத்து ஜிபி! கல்யாண வீடியோவா?

அத்தை: இல்லைடா. இடமில்லை என்று இது கத்துகிறதே, நீ வந்தால் நம்ப வேண்டுமே என்று போனில் எடுத்து ஏற்றி வைத்தேன். ஃபோர் கே.

அருள்: அரை மணி நேரம் ஓடுகிறதே!

அத்தை: எப்போது கத்தும் என்று எனக்கென்ன தெரியும்? காத்திருந்துதான் எடுத்தேன்.

அருள்: அதான் நானே நேரில் பார்த்துவிட்டேனே. இதை அழித்துவிடட்டுமா?

அத்தை: தாராளமாக அழி. இன்னொரு ஜிப் போட்டு உன் மாமா லேப்டாப்பில் வைத்திருக்கிறேன்.