ஆர்ச் அப்புறம் கட்டலாம், முதலில் கவுன்சலர் சம்பளம்

எங்கள் முன்னாள் மாணவர் குழுவில் இந்த வாரம் முழுக்க ஒரே பேச்சு: பள்ளிக்கு என்ன செய்யலாம்? வாசலில் ஆர்ச் என்கிறார் ஒருவர். மாதா சிலை இருக்கும் கெபியைப் புதுப்பிக்கலாம் என்கிறார் இன்னொருவர். ஸ்மார்ட் போர்டு கேட்பவர்களும் உண்டு. நான் கேட்பது ஒன்றுதான். சேரும் பணம், பிள்ளைகளின் மனக்கஷ்டத்தைக் கேட்டு வழிகாட்டும் ஒரு முழுநேர கவுன்சலரின், அதாவது ஆற்றுப்படுத்துநரின், சம்பளத்துக்குப் போகட்டும். இந்த வருடம் மட்டுமல்ல, வருடா வருடம்.

நம்முடையது வடசென்னையில் மீனவர் பிள்ளைகளும் துறைமுகத்தில் லோடு ஏற்றுபவர்களின் பிள்ளைகளும் படிக்கும், அரசு உதவி பெறும் கத்தோலிக்கப் பள்ளி. ஆசிரியர் சம்பளத்தை அரசு தந்துவிடுகிறது. கவுன்சலருக்கு நிர்வாகம்தான் பணம் தேட வேண்டும். 100 பேரோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரி, மாதம் பிறந்தால் அவருக்குச் சம்பளம் யார் கொடுப்பது?

அதுவும் பள்ளி நடக்கும் பத்து மாதத்துக்கு மட்டும் சம்பளம் கொடுத்தால் போதாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். வீட்டில் வரும்படி நின்றுபோன அதே நாட்களில்தான் பத்தாவது, பன்னிரண்டாவது ரிசல்ட் வருகிறது. அப்பா வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார், வட்டிக்காரர் வாசலுக்கு வந்துவிட்டுப் போகிறார், அந்த நேரத்தில் ஒரு பிள்ளை தன் மார்க்கைச் சொல்ல வேண்டும். பள்ளியோ கோடை விடுமுறையில் பூட்டியிருக்கிறது. நம் பிள்ளைகளுக்குப் பேச ஆள் மிகவும் தேவைப்படுவது மே மாதத்தில்தான்.

"ஃபாதர், சிஸ்டர் எல்லாம் இருக்காங்களே" என்று ஒரு நண்பர் கேட்டார். அவர்களுடைய பாசத்தை அனுபவித்து வளர்ந்தவன் நான். ஆனாலும் டி.சி.யில் கையெழுத்துப் போடுகிறவரிடம் ஒரு பையன் எப்படி மனம்விட்டுப் பேசுவான்? நிறைய பிள்ளைகள் கத்தோலிக்கரும் அல்ல. கேட்பவர் வேறு, கண்டிப்பவர் வேறாக இருந்தால்தான் வாய் திறக்கும்.

இப்போது கவுன்சலராக வாரத்தில் ஒரு நாள் ஒரு அக்கா வருகிறார். தலைமையாசிரியர் அறையை ஒட்டிய ஸ்டோர் ரூமில், பழைய வினாத்தாள் கட்டுகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்காருகிறார். கதவு முழுதாகச் சாத்தாது. யார் உள்ளே போகிறார்கள் என்பது வராண்டா முழுக்கத் தெரியும். வெளியே வந்த ஒரு பையனை "டேய் கீழ்ப்பாக்கம்" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். மறுவாரம் அவன் வரவில்லையாம். இதைக் கேட்டபோது எனக்கு மனசே ஆறவில்லை. லைப்ரரிக்குப் பின்னால் ஒரு அறை சும்மா கிடக்கிறது. ஒழுங்காகச் சாத்தும் கதவு, ஒரு ஃபேன், இரண்டு நாற்காலி போதும். நிலைமை பெரிதாக இருந்தால் ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூடவே அழைத்துப் போகவும் முழுநேர கவுன்சலர் இருப்பார். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். அதை ஐடி கார்டின் பின்பக்கம் அச்சடிக்கப் பெரிய செலவும் இல்லை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பயன்பெற்ற மாணவர் பட்டியல், போட்டோ எதையும் நாம் கேட்கக் கூடாது. குழுவில் ஏற்கெனவே ஒருவர் கேட்டுவிட்டார். ஒரு பிள்ளையின் பெயர்கூட நம் காதுக்கு வரக் கூடாது. அறை எத்தனை நாள் திறந்திருந்தது, சம்பளம் தேதி தவறாமல் போனதா, இவ்வளவு தெரிந்தால் போதும். வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் என்று ஒவ்வொரு சாம்பல் புதனன்றும் கோவிலில் கேட்கிறோமே, அதைக் கடைப்பிடிக்க இதைவிடப் பொருத்தமான இடம் எது?

கல்வெட்டு வைக்க இதில் வழியில்லை என்பதால் சிலர் பின்வாங்கலாம். பரவாயில்லை. மாதம் 500 ரூபாய், பள்ளியின் கணக்குக்கு, ரசீதோடு. தர முடிந்தவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். முதலில் ஏப்ரல், மே மாதச் சம்பளத்தை எடுத்து வைத்துவிடுவோம், மற்றதை அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம்.