படையை ஒன்றாக்குவது அது நிற்கும் மண்

மேசைப் போர் விளையாட்டுக்காக, சிறு வீரர் உருவங்களால் ஆன ஒரு கற்பனைப் படைக்கு வண்ணம் தீட்டும் நண்பர்கள் என்னிடம் முதலில் காட்டுவது பெரும்பாலும் முகங்களைத்தான். கண்ணின் கருமணியை எப்படி வைத்தார்கள், வாளின் விளிம்பில் வெளிச்சத்தை எப்படி இழுத்தார்கள் என்று ஆசையோடு சொல்வார்கள். அந்த உழைப்பின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும், படை எந்த மண்ணில் நிற்கப் போகிறது என்பதைத்தான் எல்லாவற்றுக்கும் முன்பாகத் தீர்மானிக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். உருவம் நிற்கும் அந்தச் சிறு தட்டை, அதாவது பேஸை, எல்லாம் முடிந்த பிறகு அவசரமாக மணல் தூவி ஒப்பேற்றும் வேலையாக நடத்துவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

நாம் தீட்டுவது ஏறத்தாழ 28 மி.மீ. உயரமுள்ள உருவங்களை. விளக்கின் கீழே, மூக்குக்கு அருகில் வைத்துக்கொண்டு தீட்டுகிறோம். ஆட்டத்தின்போதோ எழுந்து நின்று, இரண்டு மூன்று அடி தள்ளி, மேலிருந்து பார்க்கிறோம். அந்தத் தூரத்தில் கருமணி தெரியாது. தலைக்கவசத்தின் உச்சி, தோள்பட்டை, ஈட்டி முனைகள், அவற்றுக்கு இடையே தெரியும் தரை ஆகியவைதான் கண்ணில் படும். என் முதல் எலும்புக்கூட்டுப் படையில் இதை நான் யோசிக்கவே இல்லை. வெளிர்மஞ்சள் எலும்புகளை வெளிர்மஞ்சள் பாலை மணலில் நிறுத்தினேன். அருகில் அழகாக இருந்தவை மேசையில் வைத்ததும் மணலோடு மணலாகக் கரைந்துவிட்டன. உருவங்களில் ஒரு கோடுகூடத் திருத்தாமல், மணலை மட்டும் கரும்பழுப்புக்கு மாற்றினேன். ஒவ்வொரு விலா எலும்பும் தனித்துத் தெரிந்தது. வெளிர் நிறப் படைக்கு இருண்ட மண், இருண்ட கவசப் படைக்கு வெளிர் மண் என்ற கணக்கு எனக்கு அன்று புரிந்ததுதான்.

இன்னொரு காரணம் காலம். ஒரு படையை யாரும் ஒரு மாதத்தில் முடிப்பதில்லை. முதல் இருபது வீரர்களுக்கும் கடைசி இருபது வீரர்களுக்கும் இடையே ஆண்டுகள் ஓடிவிடும். கை தேர்ந்துவிடும், வாங்கிய வண்ணக் குப்பி தீர்ந்து வேறொரு சிவப்பு வந்து சேரும். அந்த வேறுபாடுகளை எல்லாம் மறைத்து, இவர்கள் ஒரே பாதையில் நடந்து வந்தவர்கள் என்று சொல்ல வைப்பது ஒரே மண்தான். 1983-இல் வார்ஹாமர் என்ற மேசைப் போர் விளையாட்டு முதன்முதலாக வெளிவந்த பிறகு, 1990-களின் படைகளில் பளிச்சென்ற பச்சை விளிம்பும் பச்சைத் தூவலும் வழக்கமாக இருந்தன. இன்று பலர் அதைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மேசையும் பச்சை, பேஸும் பச்சை என்று இருந்ததால் அந்தப் படைகள் தாம் நின்ற நிலத்துக்கு உரியவையாகத் தோன்றின.

அதனால் இப்போது நான் புதிய படை தொடங்கும்போது, ஒரு வெறும் பேஸை எடுத்து, உருவமே இல்லாமல் அதை மட்டும் முழுதாக முடித்துவிட்டுத்தான் மேலே செல்கிறேன். வெள்ளைப் பசையைத் தடவி, முதலில் இரண்டோ மூன்றோ பெரிய கற்களை வைத்து, மீதியிடத்தில் மணலைத் தூவுவேன். ஒரே அளவு மணலைத் தூவினால் சர்க்கரை கொட்டியது போல இருக்கும். பொடியும் குறுமணலும் கலந்திருக்க வேண்டும். இந்த அளவுகோலில் 1 மி.மீ. துகள் உள்ளங்கையில் அடங்கும் கூழாங்கல், 3 மி.மீ. கல் முக்கால் சாண் பாறை. பசை காய்ந்த பின் தண்ணீரில் கரைத்த அதே பசையை மணல் மேல் இன்னொரு முறை ஊறவிட வேண்டும். இதைச் செய்யாமல் நான் நேரே வாஷை, அதாவது பள்ளங்களில் ஓடி நிழல் தரும் நீர்த்த வண்ணத்தை, ஊற்றிய ஒரு மாலை, மணல் சேறாகிப் பிரஷோடு வந்துவிட்டது. பன்னிரண்டு பேஸ்களைச் சுரண்டி எடுத்து மீண்டும் தொடங்கினேன்.

பிறகு கரும்பழுப்பு, அதன் மேல் வாஷ், அது நன்றாகக் காய்ந்ததும் டிரை பிரஷ். பிரஷில் தொட்ட வண்ணத்தைத் தாளில் துடைத்துத் துடைத்து, இனி ஒன்றுமே இல்லை என்று தோன்றும் நிலையில் மணலின் மேல் மிக மெதுவாக வருடும்போது, ஒவ்வொரு துகளின் தலையிலும் வெளிச்சம் ஏறுவது கண்ணெதிரே தெரியும். முதலில் நடுத்தரப் பழுப்பு, பிறகு எலும்பு நிறம், அதுவும் உச்சிகளில் மட்டும். இந்தப் பொழுதில் உள்ள மகிழ்ச்சிக்காகவே நான் இந்தப் பொழுதுபோக்கை விடாமல் இருக்கிறேன். அதே பழுப்பைக் கொஞ்சம் எடுத்து வீரர்களின் காலணியிலும் மேலங்கியின் ஓரத்திலும் வருடிவிட்டால், அவர்கள் அந்த மண்ணை மிதித்து வந்தவர்கள் ஆகிவிடுவார்கள்.

வரிசையாக நிற்கும் படைகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை தேவைப்படுகிறது. 2015-இல் வார்ஹாமரின் புதிய வடிவமான ஏஜ் ஆஃப் சிக்மர், சதுரங்களுக்குப் பதிலாக வட்டப் பேஸ்களைக் கொண்டுவந்தது. 2024-இல் ஓல்ட் வேர்ல்ட் என்ற வார்ஹாமர் விளையாட்டு வழியாகச் சதுரங்கள் திரும்பி வந்தன, முன்பு 20 மி.மீ. சதுரத்தில் நின்ற எலும்புக்கூடுகள் இப்போது 25 மி.மீ. சதுரத்தில் நிற்கின்றன. ஐந்து பேர் வீதம் நான்கு வரிசை என்றால் 125 மி.மீ. அகலம், 100 மி.மீ. ஆழம். ஓரத்தில் ஒரு மணல் துகள் பிதுங்கினாலும் இந்தக் கணக்கு கெட்டு வரிசை கோணும். ஆகவே மணல் ஈரமாக இருக்கும்போதே விளிம்பை விரலால் வழித்துவிட வேண்டும். பசை போடும் முன்பே இருபது பேரையும் நிறுத்திப் பார்த்து, யாருடைய ஈட்டி யாருடைய முதுகில் இடிக்கிறது என்று கண்டு, பேஸின் அடியில் எண் எழுதிக்கொள்வது பின்னால் பெரும் தொல்லையைத் தவிர்க்கும். அவர்களைத் தாங்கும் நகர்த்துதட்டின் ஓரத்துக்கும் அதே மணல், அதே வண்ணம் வேண்டும். கறுப்பு பிளாஸ்டிக்காக விட்டால் அத்தனை வேலையும் ஒரு சட்டிக்குள் வைத்தது போலாகிவிடும்.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு என் பதில், பின்வரிசையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே. அங்கே நிற்பவர்களின் இடைவார்க் கொக்கியை யாரும் பார்க்கப் போவதில்லை. 2019-இல் வந்த கான்ட்ராஸ்ட் போன்ற, ஒரே பூச்சில் நிழலையும் வெளிச்சத்தையும் தரும் வண்ணங்களைக் குறுக்குவழி என்று இகழ்வதும் சரியல்ல. அவற்றால் மிச்சமாகும் மாலைகளை மண்ணுக்குக் கொடுக்கலாம்.

வார்னிஷ் பற்றியும் சொல்ல வேண்டும். ஈரக்காற்று நிறைந்த ஒரு நாளில் பொறுமையில்லாமல், பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் ஸ்பிரேயை அடித்தேன். நாற்பது வீரர்கள் மீதும் பனி படர்ந்தது போல வெண்மை படிந்துவிட்டது. பளபளப்பு வார்னிஷைப் பிரஷால் பூசியதில் பெரும்பகுதி நிறம் மீண்டது, ஆனால் முன்பே நட்டிருந்த செயற்கைப் புல் விறைத்து உயிரில்லாமல் போயிற்று. அன்றிலிருந்து வறண்ட நாளில் வார்னிஷ் அடித்து, அது முழுதாகக் காய்ந்த பிறகே புல்லைத் தொடுகிறேன். பசைப் பொட்டின் மேல் புல்லைத் தூவி, பேஸைத் தலைகீழாகப் பிடித்து அடியில் இரண்டு தட்டுத் தட்டினால், படுத்திருந்த இழைகள் எழுந்து நிற்கும். அதன் பிறகு மிஞ்சுவது விளிம்புக்கு ஒரு சீரான அடர்பழுப்புப் பூச்சு மட்டுமே.