ஒரு முழக் கேபிளைத் தாண்ட மூன்று ஞாயிற்றுக்கிழமை

ஒரு கோப்பு. இரண்டு எம்பிகூட வராது. அதைக் கணினியிலிருந்து இ-ரீடருக்குள், அதாவது மின்னூல் படிக்கிற கருவிக்குள் போட எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

அப்பா சோழவந்தானில் இருக்கிறார். வயது 74. கொடிக்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து, காலில் சேறு காய்வதற்குள் புத்தகத்தைக் கையில் எடுத்துவிடும் மனுஷன். இரண்டு கண்ணிலும் புரை எடுத்த பிறகும் பொடி எழுத்து அவருக்குப் பிடிபடுவதில்லை. பேப்பரில் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைப்பதை ஒரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கலாம், செல்போன் மாதிரி கண்ணைக் கூசாது என்றுதான் இ-ரீடர் வாங்கினேன். அவர் கேட்டது சித்தர் பாடல்கள். தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றி வைக்கும் மதுரைத் திட்டத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பிடிஎஃப்பாக இறக்கிக்கொண்டு, லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு மதுரையிலிருந்து பஸ் ஏறினேன்.

கருவியையும் லேப்டாப்பையும் கேபிளால் இணைத்தேன். கருவியில் சார்ஜ் ஏறுகிற குறி வந்தது. கணினியிலோ ஒன்றுமே வரவில்லை. இந்தத் துளை, அந்தத் துளை, அணைத்துப் போட்டு, மறுபடி அணைத்துப் போட்டு, கருவியைக் கணினிக்கு அடையாளம் காட்டும் டிரைவர் மென்பொருளை நீக்கித் திரும்ப ஏற்றி மூன்று மணி நேரம் போனது. திண்ணையிலிருந்து அப்பா, "ஏத்தா, ஏறிருச்சா?" என்று நாலு தரம் கேட்டார். நாலாவது தரம் கேட்டபோது குரலில் ஆசை குறைந்திருந்தது. அதுதான் என்னைச் சுட்டது.

செவ்வாய்க்கிழமை டவுன்ஹால் ரோட்டில் செல்போன் பழுது பார்க்கும் ஒரு தம்பியிடம் கொண்டுபோனேன். கருவியை அவர் தொடவே இல்லை. கேபிளைக் கையில் வாங்கி, பிளேடால் மேல்தோலை நீளவாக்கில் கீறி விரித்துக் காட்டினார். உள்ளே சிவப்பு ஒன்று, கருப்பு ஒன்று. அவ்வளவுதான். "இதுல டேட்டா வயரே இல்லக்கா. சார்ஜுக்கு மட்டும்தான் வரும்." பக்கத்தில் கிடந்த அறுந்த கேபிள் ஒன்றையும் பிரித்தார். அதில் சிவப்பு, கருப்போடு பச்சையும் வெள்ளையும் இருந்தன. அந்தப் பச்சையும் வெள்ளையும்தான் கோப்பைக் கொண்டுபோகிற கம்பிகள்.

கருவியோடு வந்த கேபிளின் முனை உடைந்ததால் கடையில் 150 ரூபாய் கொடுத்துப் புதிதாக வாங்கியது அது. உறையில் நிறம் போட்டிருந்தது, நீளம் போட்டிருந்தது, வேகமாகச் சார்ஜ் ஏறும் என்றும் போட்டிருந்தது. கோப்பு போகாது என்று ஓர் எழுத்து இல்லை. இதை விற்கிறவர்களுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தே இரண்டு கம்பியை மிச்சம் பிடித்துவிட்டு, வாங்குகிறவன் ஞாயிற்றுக்கிழமையைத் தின்கிறார்கள். "சார்ஜ் மட்டும்" என்று இரண்டே வார்த்தை அச்சடிக்க என்ன செலவு ஆகிவிடும்?

"கேபிளே எதற்கு, வைஃபையில் அனுப்பு" என்று அறிவுரை சொல்ல ஆள் வரிசையில் நிற்கிறது. அப்பா வீட்டில் வைஃபை கிடையாது. இருந்தாலும் நான் கேட்பது வேறு. லேப்டாப் இங்கே, கருவி இங்கே, நடுவில் ஒரு முழம். இந்த ஒரு முழத்தைத் தாண்ட என் கோப்பு ஏன் எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் கணினிக்குப் போய்த் திரும்பி வர வேண்டும்? நான் எதைப் படிக்கிறேன், அப்பா எதைப் படிக்கிறார் என்பது அவர்களுக்கு எதற்கு?

இரண்டாவது ஞாயிறு. நாலு கம்பிக் கேபிள். கருவி பென்டிரைவ் மாதிரி உடனே திறந்தது. பிடிஎஃப்பை இழுத்துப் போட்டேன், போய்விட்டது. திறந்தால் எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. ஏ4 தாள் 21 சென்டிமீட்டர் அகலம். ஆறு அங்குலத் திரை சுமார் 9 சென்டிமீட்டர். தாளை அப்படியே சுருக்கித்தான் காட்டும். பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். நடுங்குகிற விரலை வைத்துக்கொண்டு அப்பா அதைச் செய்வாரா?

சரி என்று அந்தப் பிடிஎஃப்பை ஈபப் ஆக, அதாவது திரைக்கு ஏற்ப வரி மடங்குகிற மின்னூல் வடிவமாக மாற்றிப் போட்டேன். எழுத்து பெரிதானது. அப்பா கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வாய்விட்டு வாசிக்கப் பார்த்தார். 'பொய்' என்பது 'ெபாய்' என்று கிடந்தது. 'கோயில்' என்பது 'ேகாயில்'. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். பாதிப் பாட்டு அவருக்கு மனப்பாடம்; அவருக்கே வரி பிடிபடவில்லை. "இது என்ன பாஷைத்தா?" என்றார்.

காரணம் பிறகுதான் புரிந்தது. கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் முதலில் 'ப' மாதிரி எழுத்து, அப்புறம் உயிர்க்குறி என்றுதான் எழுத்து சேமிக்கப்படும். கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது எழுத்துருவும் மென்பொருளும் சேர்ந்து செய்கிற வேலை. பல பிடிஎஃப்களிலோ தாளில் வரைந்த வரிசையிலேயே எழுத்து கிடக்கிறது. உருவி எடுத்தால் சிதறிவிடுகிறது.

மதுரைத் திட்டத்தின் மேல் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. 1998 பொங்கலன்று, நம் ஊர்ப் பெயரை வைத்து, சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனனும் தொடங்கியது. தட்டெழுதியவர்கள், பிழை பார்த்தவர்கள் எல்லாரும் தன்னார்வலர்கள். யாரும் கூலி வாங்கவில்லை. அவர்கள் வேலையை முடித்து வாசலில் வைத்துவிட்டார்கள். காசு வாங்கிக் கருவி விற்கிறவன்தான் அதை உள்ளே விட மாட்டேன் என்கிறான்.

மூன்றாவது ஞாயிற்றுக்கு முந்தைய இரவு ஒரு மணி வரை உட்கார்ந்தேன். பிடிஎஃப்பை ஒதுக்கிவிட்டு அதே நூலின் யூனிகோட் ஹெச்டிஎம்எல் பக்கத்தை, அதாவது இணையப் பக்க வடிவத்தை எடுத்து, காலிபரில் போட்டு ஈபப் ஆக்கினேன். காலிபர் 2006இல் கோவிட் கோயல் தொடங்கிய, மின்னூல்களை வடிவம் மாற்றுகிற இலவச மென்பொருள்; அவர் நன்றாயிருக்கட்டும். கருவியில் ஏற்றினால் பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாக வந்தது. அதிலிருந்த எழுத்துருவில் தமிழே இல்லை! தமிழ்நாட்டில் விற்கிற கருவி! நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவை இறக்கி, எழுத்துருக்களுக்கான கோப்புறையில் போட்டு, அமைப்பில் அதைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் தமிழ் தெரிந்தது. இத்தனையும் தெரிந்திருந்தால்தான் ஒரு கிழவர் படிக்க முடியுமா? பிள்ளைகள் பக்கத்தில் இல்லாதவர் என்ன செய்வார்?

நிலைமை இன்னும் மோசமாகத்தான் போகிறது. அப்பாவுடையது வேறு நிறுவனக் கருவி, ஆனாலும் சொல்கிறேன்: அமேசானின் இ-ரீடரான கிண்டிலுக்கு வாங்கிய புத்தகத்தைக் கணினியில் இறக்கி யூஎஸ்பி கேபிள் வழியே ஏற்றும் வசதியை அந்த நிறுவனம் 2025 பிப்ரவரி 26இல் எடுத்துவிட்டது. நம்மிடம் இருக்கும் கோப்புகளைக் கேபிளில் போட இன்னும் முடிகிறது. ஆனால் காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தையே நம் கணினியில் இறக்கி எடுத்து வைக்க முடியாது என்றால், அது என்ன வாங்குதல்? மதுரைப் புதுமண்டபத்துக் கடையில் நான் வாங்கிய புத்தகத்தைக் கடைக்காரர் யாரும் வீட்டுக்கு வந்து, இந்த அலமாரியில் வைக்காதே என்று சொன்னதில்லை.

அந்த ஞாயிறு சாயங்காலம் அப்பா திண்ணையில் உட்கார்ந்து, ஒரு பக்கத்துக்கு எட்டு வரி வருகிற அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்கி, சத்தமாக வாசித்தார். விளக்கு வைக்கிற நேரம் வரை நிறுத்தவில்லை. நாலு கம்பிக் கேபிளில் சிவப்பு நூல் கட்டி ஆணியில் மாட்டிவிட்டு வந்திருக்கிறேன், யாரும் சார்ஜுக்கு எடுக்கக் கூடாது என்று.

நேற்று போன் பண்ணி அடுத்த புத்தகம் கேட்டார். தேடிப் பார்த்துவிட்டேன். அது பிடிஎஃப்பாக மட்டும்தான் கிடைக்கிறது.