சைக்கிளுக்கு ஹெல்மெட் அபராதமா?

"சென்னையில் இனி சைக்கிள் ஓட்டினாலும் ஹெல்மெட் கட்டாயம், இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் பையைத் தொங்கவிட்டு வரும் எங்கள் தெரு பால்காரர், "நிஜமா சார்?" என்று வண்டியை நிறுத்திக் கேட்டார்.

நிஜமில்லை. அந்த 1,000 ரூபாய், மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 129, 194டி பிரிவுகளில் வருவது. மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கானது. மிதித்து ஓட்டும் சைக்கிள் அந்தச் சட்டப்படி மோட்டார் வாகனமே அல்ல. லைசென்ஸும் இன்ஷூரன்ஸும் கேட்காததும் அதனால்தான். மத்திய அரசின் 'இந்தியா கோட்' இணையதளத்தில் சட்டத்தை நீங்களே பார்க்கலாம்.

ஹெல்மெட் போட்டால் தலைக்கு நல்லது. அது வேறு பேச்சு. இந்தத் தகவலை மேற்கொண்டு ஃபார்வர்டு செய்யாதீர்கள். அனுப்பியவரிடமும் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.