"படைச்சதா அக்கா?" என்று வாசலில் கேட்காதீர்கள்

தீபாவளி நெருங்கினால் நம் கிறிஸ்தவ சபைகளில் வருடா வருடம் கிளம்பும் கேள்வி: பக்கத்து வீட்டு அதிரசத்தைச் சாப்பிடலாமா? சிலர் சிரித்தபடி தட்டை வாங்கிக் கதவைச் சாத்தியதும் குப்பையில் கொட்டுகிறார்கள். சிலர் வாசலிலேயே, "சாமிக்குப் படைச்சதா அக்கா?" என்று விசாரணை வைக்கிறார்கள்.

விசாரிக்காதே என்பதுதான் அப்போஸ்தலன் பவுல் சொன்னது. கொரிந்து சபைக்கு அவர் எழுதிய முதல் கடிதத்தில், அதாவது பைபிளின் 1 கொரிந்தியரில், 10ஆம் அதிகாரத்தை முழுதாகப் படியுங்கள். கொரிந்துவில் கோயிலில் பலியிட்ட இறைச்சியில் ஒரு பங்கு கடைத்தெருவுக்கும் வரும். 25ஆம் வசனம், கடையில் விற்பதைக் கேள்வி கேட்காமல் வாங்கிச் சாப்பிடு என்கிறது. 27, அவிசுவாசி விருந்துக்கு அழைத்து உனக்கும் போக மனமிருந்தால், முன்னால் வைத்ததைச் சாப்பிடு, அங்கேயும் விசாரிக்காதே. "இது படைத்தது" என்று யாராவது தானாகச் சொன்னால் மட்டுமே 28 தடுக்கிறது. அதுவும் சொன்னவருடைய மனச்சாட்சிக்காக, உன்னுடையதற்காக அல்ல என்று 29 சொல்லிவிடுகிறது. படையல் பந்தியிலேயே போய் உட்காருவது வேறு விஷயம்; அதை 20, 21 மறுக்கின்றன. நம்மவர்களுக்கு 28 மனப்பாடம், 27 ஞாபகமே இல்லை.

சரி, அந்த அக்காவே "பூஜையில வச்சதுப்பா" என்று சொல்லிவிட்டால்? முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள்: "படைச்சது நாங்க சாப்பிடுறதில்லக்கா, டப்பாவுல இருக்கிற முறுக்கு கொடுங்க." பெரும்பாலும் சாமி முன் வைப்பது கொஞ்சம்தான், மீதி டப்பாவில் இருக்கும். கேட்டு வாங்கிச் சாப்பிட்டால் அவருக்கும் சந்தோஷம். வாங்கிக் குப்பையில் போட்டதை அவர் வீட்டுப் பிள்ளை பார்த்துவிட்டால், அடுத்த பத்து வருடம் நீங்கள் விசுவாசத்தைப் பற்றி என்ன சாட்சி சொன்னாலும் எடுபடாது.

இதே கவனம் நம் கிறிஸ்துமஸ் தட்டிலும் வேண்டும். கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போட்டவருக்கு 41 நாள் விரதம் முடிவது டிசம்பர் கடைசியில். அதாவது நம் பண்டிகை அவர் விரதத்துக்குள் விழுகிறது. கேக்கில் முட்டை, அச்சு முறுக்கு மாவிலும் பல வீடுகளில் முட்டை. அந்த வீட்டுக்குப் பழம் கொடுங்கள், அல்லது முட்டை சேர்க்காமல் தனி எண்ணெயில் சுட்ட முறுக்கு. இஸ்லாமியர் வீட்டுக்கு ரம்மில் ஊறிய பழம் போட்ட பிளம் கேக் போகக் கூடாது. பிரியாணி என்றால் ஹலால் கடைக் கறிதான் என்பதைச் சொல்லியே கொடுங்கள். ஜெயின் வீடென்றால் முட்டை மட்டுமல்ல, வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கும் கிடையாது.

தட்டின் அடியில் நம் விசுவாசத்தைச் சொல்லும் கைப்பிரதி வைக்கும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து விடுங்கள். அந்தக் காகிதத்தைப் பார்த்த நொடியில் பலகாரம் தூண்டில் புழுவாகிவிடுகிறது. விசுவாசத்தைப் பேச ஆசையா? தட்டு இல்லாத நாளில், அவர் கேட்டால் பேசுங்கள்.

வேறு மதத்து நோயாளியைப் பார்க்கப் போகும் ஆஸ்பத்திரி விஷயம் இதைவிட நுட்பமானது. படுத்திருப்பவர் எழுந்து போக முடியாது. நாலு பேர் சுற்றி நின்று "ஜெபிக்கலாமா?" என்றால் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. ஒருவர் மட்டும் போங்கள். சூடாகக் கஞ்சி கொண்டுபோங்கள். இரவு துணைக்கு இருப்பவரைத் தூங்கச் சொல்லிவிட்டு இரண்டு மணி நேரம் உட்காருங்கள். ஜெபத்தை வீட்டுக்கு வந்து செய்யலாம்.