பணம் வாங்க பின் நம்பர் எதற்கு?

போன மாதம் வீட்டில் சும்மா கிடந்த படிப்பு மேசையை விற்க இணையத்தில் விளம்பரம் போட்டேன். நீளம், அகலம், ஒரு காலில் இருக்கும் கீறல் வரை எழுதியிருந்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, ஒருவர் அழைத்தார். கீறலைப் பற்றிக் கேட்கவில்லை, விலையைக் குறைக்கச் சொல்லவில்லை. "ராணுவத்தில் இருக்கிறேன் சார், இடமாற்றம் வந்திருக்கிறது. பணத்தை இப்பவே போட்டுடறேன், ஆள் வந்து எடுத்துக்குவார்" என்றார். அடையாள அட்டையின் படமும் வந்தது.

அடுத்து ஒரு க்யூஆர் கோடு. ஸ்கேன் செய்தால் பணம் என் கணக்குக்கு வந்துவிடுமாம். செய்தேன். நான் சொன்ன தொகை அப்படியே திரையில் வந்தது, கீழே பின் நம்பருக்கான கட்டங்கள். "வண்டி கிளம்பிடுச்சு சார், சீக்கிரம்" என்று அவர் விடாமல் பேசிக்கொண்டே இருந்தார். இரண்டு எண் அழுத்திய பிறகுதான் தொகைக்கு மேலே இருந்த சொல் கண்ணில் பட்டது: 'செலுத்து'. அழைப்பைத் துண்டித்துவிட்டேன். படபடப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

வாங்கும்போது நாம் எல்லோரும் உஷாராகத்தான் இருக்கிறோம். விற்கும்போது, பணம் நம் பக்கம்தானே வருகிறது என்று அசந்துவிடுகிறோம். அந்த இடத்தில்தான் கை வைக்கிறார்கள். பணம் வந்து சேர நம் கணக்கு விவரம் போதும். பின் நம்பர், ஓடிபி, கார்டின் பின்புறம் இருக்கும் மூன்று இலக்க எண் எதுவும் தேவையில்லை. "கூரியர் ஆள் வருவார், இந்த லிங்கில் கார்டு எண்ணைப் போடுங்கள்" என்பதும் இதே கதைதான். "நீங்கள் நிஜமான ஆள்தானா என்று பார்க்க ஆறு இலக்க எண் அனுப்பியிருக்கிறேன், சொல்லுங்கள்" என்று கேட்டால், போவது உங்கள் வாட்ஸ்அப் கணக்காகவே இருக்கலாம்.

நல்ல மனசுக்காரர்கள் அதிகம் மாட்டுவது இன்னொன்றில். "தவறுதலாகக் கூடுதலாகப் போட்டுவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்" என்பார்கள். பணம் வந்ததாக ஒரு ஸ்கிரீன்ஷாட்டோ குறுஞ்செய்தியோ வரும். இரண்டையும் யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். எனவே நீங்களாக வங்கிச் செயலியைத் திறந்து இருப்பைப் பாருங்கள். காசோலை என்றால் அதுவும் போதாது. கணக்கில் தொகை தெரிந்த பிறகும், சில நாள் கழித்துக்கூட அது போலி என்று திரும்பலாம். அப்போது வங்கி உங்களிடமிருந்துதான் பிடிக்கும்.

உண்மையாக வாங்க வருபவர் நம்மைப் படுத்துவார் என்பது என் அனுபவம். கடைசியில் அந்த மேசையை வாங்கிய அம்மா குனிந்து அடியில் பார்த்தார், ஒவ்வொரு காலையும் ஆட்டினார், இழுப்பறையை நாலு முறை இழுத்து மூடினார், அப்புறம் அரை மணி நேரம் பேரம். கையில் பணம் வாங்கிய பிறகே மேசையைத் தூக்க விட்டேன்.

சின்னப் பொருள் என்றால் பகலில், ஆள் நடமாட்டமும் கேமராவும் உள்ள இடத்தில் சந்தியுங்கள். அனுப்பி வைப்பதாக இருந்தால் வரிசை எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேறு பழுதான பொருளைத் திருப்பி அனுப்பிப் பணம் கேட்பவர்களும் உண்டு. போன் விற்பவர்கள் கணக்குகளிலிருந்து வெளியேறிவிட்டு முழுதாக ரீசெட் செய்யுங்கள். படங்களை மட்டும் அழித்தால் போதாது.

என் நண்பர் ஒருவர் இதே க்யூஆர் கோடில் கணிசமான தொகையை இழந்தார். படித்தவர், கணக்கு வழக்கில் கெட்டிக்காரர். உடனே வங்கியை அழைத்திருந்தால், பணம் கைமாறும் முன் நிறுத்த ஒரு வாய்ப்பாவது இருந்திருக்கும். 'நீயா ஏமாந்தாய்?' என்று கேட்பார்களே என்ற கூச்சத்தில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மூன்று நாள் கழித்துக் காவல் நிலையத்துக்குப் போனபோதுதான் அவர் மனைவிக்கே விஷயம் தெரிந்தது.