நினைவு மலர் போதும் என்று இருந்துவிட்டோம்

மலேசியத் தமிழ் எழுத்தாளர் ஒருவர் காலமானால் அடுத்து என்ன நடக்கும் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். கோலாலம்பூரில் ஒரு மண்டபத்தில் இரங்கல் கூட்டம் நடக்கும். ஓராண்டு நிறைவில் நினைவு மலர் வரும். அதன் முன்பக்கங்களில் டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர்களின் வாழ்த்துரை (இறந்தவருக்கு எதற்கு வாழ்த்துரை என்று கேட்டுவிடாதீர்கள்), அதையடுத்து 'பழகுவதற்கு இனியவர்', 'தமிழுக்காகவே வாழ்ந்தவர்' என்று இருபது பேர், கடைசியில் நகைக்கடை விளம்பரம். அந்த மனிதர் எழுதியதில் எது நிற்கும், எது நிற்காது, எந்த வயதில் எதைப் படித்து மாறினார், யாரோடு எதற்காகச் சண்டை போட்டார் என்று தேடினால் ஒரு வரியும் கிடைக்காது.

அண்மையில் அப்படியொரு மலரைப் புரட்டி முடித்த எரிச்சலில் தொ.மு.சி. ரகுநாதனின் 'புதுமைப்பித்தன் வரலாறு' நூலை மறுபடியும் எடுத்தேன். புதுமைப்பித்தன் காசநோயால் இறந்தது 1948 ஜூன் 30. நூல் வந்தது 1951. எழுதியவர் முப்பது வயதைக்கூட எட்டாத இளைஞர், இறந்தவரின் நெருங்கிய நண்பர். மனைவி கமலா இருக்கிறார், 'மணிக்கொடி' பத்திரிகைக் காலத்துச் சகாக்கள் இருக்கிறார்கள், வேண்டாதவர்களும் இருக்கிறார்கள். இத்தனை பேர் படிப்பார்கள் என்று தெரிந்தே, வறுமையையும், சினிமாக் கம்பெனி தொடங்கிக் கையைச் சுட்டுக்கொண்ட கதையையும், அந்த மனிதரின் குத்தல் நாக்கையும் எழுதினார். நம் ஊராக இருந்தால் 'குடும்பத்தார் மனம் நோகும்' என்று யாராவது ஒரு தலைவர் அச்சகத்துக்கே போன் போட்டிருப்பார்.

இந்தத் துணிச்சல் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று அவர் வாழ்க்கையைப் பார்த்தால், ஆண்டுகளின் வரிசையே பதில் சொல்கிறது. 'இலக்கிய விமரிசனம்' என்ற அவர் நூல் 1948இல் வந்தது. அதாவது நண்பரின் வரலாற்றைத் தொடும் முன்பே அவர் விமர்சகராகிவிட்டார். எது நல்ல எழுத்து என்பதில் தனக்கென்று ஒரு தராசு உள்ளவர்தான், ஒரு வாழ்க்கையில் எதைச் சொல்ல வேண்டும், எதை விடலாம் என்று முடிவெடுக்க முடியும். தராசு இல்லாதவர் எல்லாவற்றையும் சேர்ப்பார், அல்லது நல்லதை மட்டும் சேர்ப்பார். இரண்டும் மலர்தான்.

பக்தியோடு எழுதினால் உண்மை வராது என்றும் சொல்லமாட்டேன். உ.வே.சாமிநாதையர் தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தை 1933, 34இல் இரண்டு பாகங்களாக எழுதினார். குருவின் கடனும் கஷ்டமும் அதில் மறைக்கப்படவில்லை. ஆனால் அவர் வாழ்நாள் முழுவதும் ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் பார்த்த மனிதர். பக்திக்குப் பக்கத்திலேயே அந்தக் கண்ணும் விழித்திருந்தது.

ரகுநாதன் ஒரு புத்தகத்தோடு நண்பரைக் கைகழுவவும் இல்லை. புதுமைப்பித்தனின் கவிதைகளைத் தொகுத்து வெளியிட்டார். நடுவில் 'சாந்தி' பத்திரிகை, நெசவாளர்களைப் பற்றிய 'பஞ்சும் பசியும்' நாவல், கார்க்கியின் 'தாய்' மொழிபெயர்ப்பு, 'பாரதியும் ஷெல்லியும்', 1983இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற 'பாரதி: காலமும் கருத்தும்'. பாரதியைப் பற்றி எழுதும்போது சில இடங்களில் அவருடைய இடதுசாரி அரசியல் முந்திக்கொள்கிறது என்பது என் கருத்து. அங்கெல்லாம் ஆய்வாளரை ஒதுக்கிவிட்டு வக்கீல் பேசுகிறார். இருக்கட்டும், வாதமாவது இருக்கிறது, எதிர்வாதம் செய்யலாம். பிறகு 1999இல், எழுபத்தைந்து வயதைக் கடந்தபின், புதுமைப்பித்தன் கதைகள்மீது எழுந்த குற்றச்சாட்டுகளுக்குப் பதில் சொல்ல மறுபடியும் பேனாவை எடுத்தார். 2001இல் மறைந்தார். ஒருவரைப் பற்றி அரை நூற்றாண்டு யோசிப்பது என்றால் அதுதான்.

நம்மிடம் இந்த மரபு முளைக்கவே இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். 1950இல் கோலாலம்பூர் நாளிதழான தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். எழுத வந்தவர்களைத் தேர்வு வைத்துத் தரம் பிரித்தார்கள். இன்று யாராவது அப்படித் தரம் பிரித்தால் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரம் தீ எரியும். அதற்குச் சற்றுப் பின்னால் தமிழ்நாட்டுச் சிறுகதை எழுத்தாளர் கு. அழகிரிசாமி இதே கோலாலம்பூருக்கு வந்து 1957 வரை அதே நேசனில் வேலை பார்த்தார். ரகுநாதனின் நண்பர், 'சக்தி' பத்திரிகையில் உடன் பணியாற்றியவர். அவரும் இங்குள்ளவர்களின் எழுத்தை முகத்துக்கு நேரே விமர்சித்தவர்தான்.

பிறகு ஏன் அடங்கிப்போனோம்? வட்டம் சிறியது என்பார்கள். இன்று நாவலைக் குறை சொன்னால் நாளை அவர் வீட்டுக் கல்யாணத்தில் பக்கத்து நாற்காலி. அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதி நம் புத்தக வெளியீட்டு முறை. முதல் பிரதி வாங்கும் பிரமுகர் உறையில் வைக்கும் ரிங்கிட்டில்தான் அச்சுக்கூலியே அடைகிறது. அந்த மேடையில் நூலாய்வு என்ற பெயரில் பேசுகிறவர் என்ன ஆய்வு செய்ய முடியும்? அவரைக் கூப்பிடுவதே வாழ்த்தத்தான்.

இதற்கிடையில் சான்றுகள் போய்க்கொண்டிருக்கின்றன. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுவிட்டது. எழுத்தாளர்களின் வீடுகளில் இருக்கும் கடிதங்களும் கையெழுத்துப் படிகளும் பழைய பேப்பர் லாரிக்காகக் காத்திருக்கின்றன. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கட்டில் என்ன இருக்கிறது என்று யாரும் அவர்களிடம் போய்ச் சொல்லவில்லை.

எனக்கு இரண்டு நூல்கள் வேண்டும். ஒன்று, அழகிரிசாமியின் கோலாலம்பூர் ஆண்டுகள். நேசன் அலுவலகம், இங்கே அவர் செய்துகொண்ட கல்யாணம், அவரிடம் திட்டு வாங்கியவர்கள் எல்லாம் அதில் வரவேண்டும். இன்னொன்று, 2016இல் மறைந்த பினாங்கு ரெ. கார்த்திகேசு. வானொலி, பல்கலைக்கழகம், நாவல், விமர்சனம் என்று நான்கு வாசல் உள்ள வாழ்க்கை அது. எழுத முன்வருகிறவர் அவருக்கு வேண்டியவராக இருந்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. கார்த்திகேசுவின் 'வானத்து வேலிகள்' நாவலைப் பற்றி எழுத வருகிறவர் இதற்குமுன் என்ன எழுதியிருக்கிறார் என்று மட்டும் கேட்பேன்.